பழைய செட்டுக்குப் புதிய ஃபைனல்

பழைய டூ-வே ரேடியோ ஒன்று எதிர்முனைப் பேச்சைத் தெளிவாக வாங்குகிறது, ஆனால் மைக் பொத்தானை அழுத்தினால் வெளியே எதுவும் போகவில்லை என்றால், முதல் சந்தேகம் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் மீதுதான் விழும். அமெச்சூர் ரேடியோக்காரர்களான ஹாம்களின் பேச்சில் அதற்குப் பெயர் ‘ஃபைனல்’. மூடியைத் திறந்து, அதன் மேல் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, தாம்பரத்தில் ரயில் ஏறி, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், அதே எண்ணைக் கேட்டு வாங்கி வருவதுதான் நம் பக்கத்து வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அது சரியான வழக்கம். இன்று அந்த வழியில் போனால் பணமும் போகும், சில சமயம் செட்டில் மிச்சம் இருக்கும் நல்ல பாகங்களும் போகும். உற்பத்தி நின்றுபோன ஒரு டிரான்சிஸ்டரின் மேல் இருக்கும் எண், இன்றைய சந்தையில் நம்பத் தகாத சான்று. அந்த இடத்தில் அந்த டிரான்சிஸ்டர் என்ன வேலை செய்தது என்பதைச் சர்க்யூட்டிலிருந்து படித்து, அந்த வேலையைச் செய்யக்கூடிய, இன்றும் தயாராகிற ஒரு பாகத்தைத் தெரிந்த இடத்தில் வாங்கி, அதற்கேற்பப் போர்டைச் சற்று மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது. இந்த அத்தியாயம் அதற்கான காரணங்களையும் வழியையும் சொல்கிறது.

பழைய எண்கள் ஏன் கிடைப்பதில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். 27 மெகாஹெர்ட்ஸ் சிபி செட்டுகளிலும் சிறிய ஹாம் செட்டுகளிலும் பல ஆண்டுகள் கோலோச்சிய 2எஸ்சி1969, மிட்சுபிஷி தயாரித்தது. விஎச்எஃப் செட்டுகளில் வந்த 2எஸ்சி1971, 2எஸ்சி1972 ஆகியவையும் அதே நிறுவனத்தின் தயாரிப்புகள். 100 வாட் எச்எஃப் செட்டுகளில் தோஷிபாவின் 2எஸ்சி2879, மோட்டோரோலாவின் எம்ஆர்எஃப் வரிசை ஆகியவை வந்தன. இவை எல்லாம் பைபோலார் வகை. கைப்பேசி வந்த பிறகு, ரேடியோ அலைவரிசைப் பவர் டிரான்சிஸ்டரின் பெரிய வாடிக்கையாளர் வண்டியில் வைக்கும் செட் அல்ல, 28 அல்லது 50 வோல்ட்டில் ஓடும் கோபுர நிலையங்கள் என்று ஆகிவிட்டது. தொழிற்சாலைகள் மாஸ்ஃபெட் பக்கம் திரும்பின. மோட்டோரோலா தன் செமிகண்டக்டர் பிரிவை 2004இல் ஃப்ரீஸ்கேல் என்று தனியே பிரித்தது. அது 2015இல் என்எக்ஸ்பியோடு இணைந்தது. மோட்டோரோலாவின் பழைய எண்கள் சிலவற்றை எம்/ஏ-காம் நிறுவனம் தொடர்ந்து செய்தது. ஜப்பானின் பைபோலார் எண்களுக்கு அந்த மறுவாழ்வு கிடைக்கவில்லை. தேவையோ நிற்கவில்லை. உலகமெங்கும் லட்சக்கணக்கான பழைய செட்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் என்றைக்காவது ஒரு ஃபைனல் கேட்கும். சரக்கு நின்று தேவை மட்டும் மிஞ்சிய இடத்தில் போலி முளைக்கிறது. வேறு ஏதோ ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரின் மேற்பரப்பைச் சுரண்டி, மிட்சுபிஷி முத்திரையும் 2எஸ்சி1969 என்ற எண்ணும் பொறித்து விற்பதற்குச் செலவு மிகக் குறைவு.

இந்தப் போலி எளிதில் பிடிபடாது என்பதுதான் சிக்கல். சாதாரண மல்டிமீட்டரில் வைத்தால் பேஸ்-எமிட்டர், பேஸ்-கலெக்டர் இரண்டு டயோடுகளும் ஒழுங்காகக் காட்டும். கெயின் அளந்தாலும் ஏதோ ஓர் எண் வரும். கடைக்காரரும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, அவருக்கு வந்த சரக்கின் மேல் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் ஆடியோ வேலைக்குச் செய்த சிலிக்கானை 27 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால், 16 வாட் வரவேண்டிய இடத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். மீதி மின்சாரம் சூடாக மாறும். சற்று நேரம் பேசினால் உருகிவிடும். உருகும்போது கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே ஷார்ட் ஆனால், சப்ளை நேராக பயாஸ் சர்க்யூட்டுக்குள் பாய்ந்து, அதுவரை நன்றாக இருந்த டயோடையும் டிரைவரையும் எடுத்துக்கொண்டு போகும். வாங்கிய கையோடு செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. அசிட்டோன் தொட்ட பஞ்சால் எழுத்தைத் தேய்த்தால் அழிகிறதா, கீழே வேறு எழுத்தின் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரே பாக்கெட்டில் வந்த பத்துப் பீஸ்களின் கால் நிறம், பின்பக்க உலோகத்தின் முடிப்பு, வார்ப்பின் விளிம்பு ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கெப்பாசிட்டன்ஸ் மீட்டர் இருந்தால் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே அளந்து, டேட்டா ஷீட்டில் உள்ளதோடு வைத்துப் பாருங்கள். பெரிய வேறுபாடு இருந்தால் உள்ளே இருக்கும் சிலிக்கான் வேறு. கடைசிச் சோதனை, ஒன்றைப் பலி கொடுப்பது. பிளாஸ்டிக் உடலை உடைத்து உள்ளே இருக்கும் சில்லின் அளவைப் பார்த்தால், 16 வாட் தாங்குவதா கடுகளவா என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கடைசிச் சோதனையில் ஓர் எச்சரிக்கை உண்டு, இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. உடைக்கலாம் என்று சொன்னது கறுப்பு பிளாஸ்டிக் உடல் கொண்ட டிஓ-220 வகையை மட்டும். 2எஸ்சி2879, எம்ஆர்எஃப்454, எம்ஆர்எஃப்422 போன்ற, உலோகத் தட்டின் மேல் வெள்ளைப் பீங்கான் வைத்த பெரிய டிரான்சிஸ்டர்களில் அந்த வெள்ளைப் பாகம் பெரிலியம் ஆக்சைடு. முழுதாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. உடைத்தாலோ அரத்தால் தேய்த்தாலோ எழும் தூள் நுரையீரலுக்குள் போனால் தீராத நோயைத் தரும். கெட்டுப்போனதையும் குப்பையில் எறியாமல், பழைய இரும்புக்காரரிடமும் போடாமல், மூடிய டப்பாவில் போட்டு எழுதி வைத்து, மின்கழிவைச் சேகரிக்கும் அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

எதையும் வாங்கப் போகுமுன், கெட்டது உண்மையிலேயே ஃபைனல்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். டிரைவரிலிருந்து சிக்னல் வருகிறதா, பயாஸ் வோல்ட்டேஜ் இருக்கிறதா, ரிலே தொடுகிறதா என்று பார்க்காமல் ஃபைனலைக் கழற்றுவது வீண் வேலை. அது கெட்டிருந்தால், ஏன் கெட்டது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். கடற்கரையை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்று கோஆக்ஸ் கனெக்டரைத் தின்றுவிடும். மழைநீர் கேபிளின் பின்னலுக்குள் இறங்கி நிற்கும். போன பவர் ஆன்டெனாவில் இறங்காமல் திரும்பி வந்து டிரான்சிஸ்டரைத் தாக்கும். கேபிளைச் சரிசெய்யாமல் புதிய ஃபைனல் போட்டால் அதற்கும் அதே கதிதான். பைபோலார் வகையில் இன்னொரு காரணமும் உண்டு. சூடு ஒரு டிகிரி ஏறினால், அதே மின்னோட்டத்துக்குத் தேவையான பேஸ் வோல்ட்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அதை ஈடுகட்டத்தான் பயாஸ் டயோடை டிரான்சிஸ்டரின் உடம்போடு ஒட்டி வைக்கிறார்கள். அந்த டயோடு விலகியிருந்தாலோ பேஸ்ட் காய்ந்திருந்தாலோ, சூடு மின்னோட்டத்தை ஏற்ற, மின்னோட்டம் சூட்டை ஏற்ற, டிரான்சிஸ்டர் தன்னைத் தானே எரித்துக்கொள்ளும்.

இனி, வேலையைப் படிப்பது. செட்டின் சர்வீஸ் மேனுவலையும் பழைய டிரான்சிஸ்டரின் டேட்டா ஷீட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த அலைவரிசை, எத்தனை வோல்ட் சப்ளை, எத்தனை வாட் வெளியீடு, எத்தனை டெசிபெல் கெயின், உலோக முதுகு எந்தக் காலோடு இணைந்தது என்று குறியுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை பொருந்துவதால் பயனில்லை. கென்வுட் டிஎஸ்-930எஸ், டிஎஸ்-940எஸ் செட்டுகளின் ஃபைனல்கள் 28 வோல்ட்டில் ஓடும் எம்ஆர்எஃப்422. அந்த இடத்தில் 12 வோல்ட்டுக்குச் செய்ததை, வாட் சரியாக இருக்கிறதே என்று போட்டால் தாங்காது. மறுபக்கம், என்எக்ஸ்பியின் எம்ஆர்எஃப்101ஏஎன் டிஓ-220 உடலில் 100 வாட் தரும் அருமையான பாகம்தான், ஆனால் அது 50 வோல்ட் கேட்கும், 13.8 வோல்ட்டில் ஓடும் வண்டி செட்டுக்கு ஆகாது. 2எஸ்சி1969இன் குறிப்பைப் பார்த்தால், 12 வோல்ட், 27 மெகாஹெர்ட்ஸ், குறைந்தது 16 வாட், குறைந்தது 12 டெசிபெல் கெயின் என்று இருக்கும். அதே மிட்சுபிஷியின் மாஸ்ஃபெட்டான ஆர்டி16எச்எச்எஃப்1இன் குறிப்பில் 12.5 வோல்ட், 30 மெகாஹெர்ட்ஸ், 16 வாட், 16 டெசிபெல். வேலை ஒன்றே என்பது இந்த இரண்டு வரிகளிலேயே தெரிகிறது. விஎச்எஃப் பக்கம் 6 வாட் தரும் 2எஸ்சி1971க்கு ஆர்டி06எச்விஎஃப்1, 14 வாட் தரும் 2எஸ்சி1972க்கு ஆர்டி15எச்விஎஃப்1 என்று இதே முறையில் இணை காணலாம்.

இணை கண்டதும் அப்படியே கழற்றி அப்படியே மாட்டிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2எஸ்சி1969இன் கால்கள் இடமிருந்து பேஸ், கலெக்டர், எமிட்டர், முதுகு கலெக்டர். அதனால்தான் அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மைக்கா தகடு. ஆர்டி16எச்எச்எஃப்1இல் கேட், சோர்ஸ், டிரெயின் என்ற வரிசை, முதுகு சோர்ஸ். நடுக்காலும் மூன்றாம் காலும் இடம் மாறுகின்றன. பழைய ஓட்டையில் செருகினால், சப்ளை நடுக்கால் வழியாக நேரே தரைக்கு இறங்கும். எனவே டிராக்கை வெட்டி, டிரெயினுக்குக் குட்டையான, அகலமான இணைப்புக் கொடுக்க வேண்டும். மைக்காவை எடுத்துவிட்டு பேஸ்ட் மட்டும் தடவி நேராக உலோகத்தில் திருகலாம். இதில் லாபம்தான், சூடு முன்பைவிட நன்றாக இறங்கும், சோர்ஸும் மிகக் குறுகிய வழியில் தரையைத் தொடும். அடுத்தது பயாஸ். பைபோலாருக்கு 0.65 வோல்ட் அளவில் போதும். இந்த மாஸ்ஃபெட் திறக்கும் வோல்ட்டேஜ் பீசுக்குப் பீஸ் 1.5லிருந்து 4.5 வரை மாறும். பழைய டயோடு பயாஸ் இங்கே உதவாது. 78எல்05 ரெகுலேட்டர் ஒன்றிலிருந்து டிரிம்பாட் வழியாக, தேவையான நிலை மின்னோட்டம் வரும்வரை மெல்ல ஏற்றும் அமைப்பு வேண்டும். மூன்றாவது, கெயின். 16 வாட் வெளியே வர 2எஸ்சி1969 சுமார் 1 வாட் உள்ளே கேட்கும். புதியதற்கு 0.4 வாட் போதும். அந்த மிச்ச கெயினைச் சும்மா விட்டால் செட் தானாக ஊளையிடத் தொடங்கும், பக்கத்து வீட்டு டிவி வரைக்கும் தொல்லை கொடுக்கும். கேட்டில் தொடராக ஒரு சிறு ரெசிஸ்டர், கேட்டிலிருந்து தரைக்கு ஒன்று, டிரெயினிலிருந்து கேட்டுக்கு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் தொடராக ஒரு ஃபீட்பேக். இவை கெயினைப் பழைய அளவுக்கு இறக்கி, செட்டை அடக்கிவிடும்.

இவ்வளவு வேலை எதற்கு, அதே எண்ணில் அசல் கிடைத்தால் பேசாமல் மாட்டிவிடலாமே என்பது முதல் எதிர்வாதம். அசல் என்று உறுதியானால் அதுவே மேல், அதில் எனக்கு மறுப்பில்லை. அமெரிக்காவில் ஆர்எஃப் பார்ட்ஸ் போன்ற, பழைய எண்களுக்கென்றே பெயர்பெற்ற விற்பனையாளர்களிடமிருந்து வாங்கினால் நம்பலாம். ஆனால் அந்த விலையும், தபாலும், சுங்கமும் சேர்ந்தால் சிறிய செட்டுக்குக் கட்டுப்படியாகாது. மலிவாகக் கிடைக்கிற ‘அசல்’தான் சந்தேகத்துக்குரியது. இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சீனாவில் எலிஃப்ளோ போன்ற தயாரிப்பாளர்கள் 2எஸ்சி2879 முதலான எண்களைத் தங்கள் சொந்தப் பெயரிலேயே செய்து விற்கிறார்கள். அது போலியில் சேராது. தன் பெயரைத் தானே போட்டுக்கொள்கிற பாகத்தை அதன் குறிப்பை வைத்துச் சோதித்து ஏற்கலாம், தள்ளலாம். தோஷிபா முத்திரையைத் திருடிப் போட்டுக்கொண்டதைச் சோதிக்க அடிப்படையே இல்லை.

இரண்டாவது எதிர்வாதம் வேறு திசையிலிருந்து வருகிறது: எந்தக் கடையிலும் சில பத்து ரூபாய்க்கு ஐஆர்எஃப்510 கிடைக்கிறதே, அதைப் போட்டால் என்ன? இதை லேசாகத் தள்ள முடியாது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டுகள் இந்த ஸ்விட்சிங் மாஸ்ஃபெட்டை நம்பியே உலகம் சுற்றின. 2017இல் வந்த மைக்ரோபிட்எக்ஸில் இரண்டு ஐஆர்எஃப்510கள் ஃபைனலாக இருக்கின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் அதன் கேட் கெப்பாசிட்டன்ஸ் 180 பைக்கோஃபாரட் அளவு. அலைவரிசை ஏற ஏற அதை ஓட்டுவது கடினமாகி, 28 மெகாஹெர்ட்ஸில் வெளியீடு தெளிவாக இறங்கிவிடும். முதுகும் டிரெயின் என்பதால் மைக்கா தேவை. ஆக, 3.5, 7 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் ஓடும் செட்டுக்கு ஐஆர்எஃப்510 நேர்மையான விடை. 27, 28 மெகாஹெர்ட்ஸுக்கு அது சமரசம். விஎச்எஃபுக்கு அதை நினைக்கவே வேண்டாம். பாகத்தின் குலத்தைப் பார்க்காமல் வேலையைப் பார்ப்பது என்றால் இப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பழைய செட்டே எதற்கு, சில ஆயிரத்தில் புதிய கைச்செட் வந்துவிட்டதே என்பது. கைச்செட் 5 வாட்டில் விஎச்எஃப், யூஎச்எஃப் மட்டும் பேசும். ரிப்பீட்டர் இல்லாமல் அதன் எல்லை குறுகியது. எச்எஃப் செட் நம் படப்பையிலிருந்து மதுரைக்கும் அதற்கு அப்பாலும் எந்தக் கோபுரத்தின் உதவியும் இல்லாமல் பேசும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கி, கைப்பேசி இணைப்புகள் அறுந்ததையும், 2016 டிசம்பர் 12 வர்தா புயலையும் கண்ட பகுதி இது. ஓடக்கூடிய ஒரு எச்எஃப் செட்டைக் கழிவாக்குவதற்கு நம்மிடம் நியாயமே இல்லை. இணையத்தில் விற்ற கைச்செட்டுகள் எல்லாமே சட்டப்படியானவையும் அல்ல. உரிமம், அலைவரிசை பற்றிய தகவல் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

பழம்பொருளின் மதிப்புப் போய்விடும் என்பவர்களுக்கு ஒரு வரி: கழற்றிய பாகத்தைப் பையில் போட்டு மூடிக்குள் வைத்துவிடுங்கள், வெட்டிய டிராக்கை எப்போது வேண்டுமானாலும் திரும்ப இணைக்கலாம்.

எங்கே வாங்குவது? ஆர்டி வரிசை, எம்ஆர்எஃப் வரிசைகளைத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம் தேடுங்கள். வாங்குமுன் அந்த எண் இன்னும் உற்பத்தியில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். ஆண்டுதோறும் பட்டியல் மாறுகிறது. அலைந்து சேர்க்கிற மற்ற எல்லாவற்றுக்கும் ரிச்சி தெருதான் நமக்குக் கொடை. மைக்கா, பேஸ்ட், டிரிம்பாட், ஃபெரைட், 78எல்05, ஐஆர்எஃப்510 எல்லாம் அங்கேயும் நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கும். படப்பையிலிருந்து போகிறவர்கள் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கலாம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையம் பக்கம். பழைய எண்ணில்தான் வேண்டும் என்றால், புதுப் பாக்கெட்டில் வந்ததைவிடக் கழட்டின பீஸையே நான் நம்புவேன். காயலான் கடைக்கு வந்த ஒரு செத்த செட்டுக்குள், தொழிற்சாலை வைத்த சால்டரோடு இருக்கும் டிரான்சிஸ்டரைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. போர்டோடு வாங்கி, வீட்டில் வந்து கழற்றுங்கள். புஷ்-புல் சர்க்யூட்டுக்கு இரண்டும் ஒரே செட்டிலிருந்தே எடுத்த ஜோடியாக இருக்கட்டும். ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

விஎச்எஃப் மொபைல் செட்டுகள் பலவற்றில் தனி டிரான்சிஸ்டருக்குப் பதில் ஒரு முழு மாட்யூல் இருக்கும். அங்கேயும் இதே நியாயம்தான். மிட்சுபிஷியின் ஆர்ஏ30எச்1317எம், 50 மில்லிவாட் உள்ளே கொடுத்தால் 135 முதல் 175 மெகாஹெர்ட்ஸ் வரை 12.5 வோல்ட்டில் 30 வாட் தரும். பழைய எம்577 வரிசை மாட்யூலின் கால்களையும் கட்டுப்பாட்டு வோல்ட்டேஜையும் இதோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். புதியதன் கேட் 5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

மாட்டும்போது, தட்டு வைத்த பெரிய டிரான்சிஸ்டர்களை முதலில் ஹீட் சிங்க்கில் திருகிவிட்டு, பிறகுதான் கால்களைச் சால்டர் செய்ய வேண்டும். முறை மாறினால் திருகு இறுகும்போது பீங்கானில் விரிசல் விழும். மாஸ்ஃபெட்டைத் தொடுமுன் உடம்பின் நிலைமின்சாரத்தைத் தரையில் இறக்கிவிடுங்கள். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது ஆன்டெனா வேண்டாம், 50 ஓம் டம்மி லோடு போடுங்கள். சப்ளையின் மின்னோட்ட எல்லையைக் கீழே வைத்து, 10 வோல்ட்டில் தொடங்குங்கள். டிரிம்பாட் முழுவதும் இறங்கிய நிலையில் இருக்கட்டும். நிலை மின்னோட்டத்தைக் குறிப்பில் உள்ள அளவுக்கு ஏற்றி, ஐந்து நிமிடம் விட்டு, ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நின்றால்தான் டிரைவ் கொடுக்கலாம். டிரைவை நீக்கிய பிறகும் பவர் மீட்டர் எதையாவது காட்டினால் செட் ஊளையிடுகிறது, ஃபீட்பேக்கை மீண்டும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் 13.8 வோல்ட்டுக்கு ஏற்றி, லோ-பாஸ் ஃபில்டருக்குப் பிறகு ஹார்மோனிக் எவ்வளவு என்று அளந்துவிடுங்கள். புதிய ஃபைனல் பழையதைவிடத் தாராளமாகத் தரக்கூடும். அதை அப்படியே விட வேண்டாம். ஹாம் உரிமத்தில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு 50 வாட், ஜெனரல் கிரேடுக்கு 400 வாட் என்று எல்லை இருக்கிறது. 27 மெகாஹெர்ட்ஸில் உரிமமில்லாமல் பேச அனுமதித்த விலக்கு 5 வாட்டோடு நிற்கிறது. அதற்குள் டிரைவை அடக்கி வைத்துவிட்டு, போட்ட பாகத்தின் எண், வாங்கிய இடம், நிலை மின்னோட்டம், மாற்றிய ரெசிஸ்டர்கள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவர் சர்வீஸ் மேனுவலை மட்டும் பார்த்து, அங்கே 2எஸ்சி1969 இருப்பதாக எண்ணி மைக்கா தகடு போட்டுவிடக் கூடாது.